முன்னாடி நாப்பத்து மூணு, பின்னாடி நாப்பத்தொண்ணு

எங்கூட்டுக்காரரு பேரு காளியப்பனுங்க. நாமக்கல்லு பரமத்தி ரோட்டுல லாரி பாடி கட்டற பட்டறையெல்லாம் தாண்டி வந்தா ஒரு தகரக் கொட்டாய் இருக்கும், வாசல்ல பழைய ஆக்சில் பத்துப் பன்னெண்டு துருப்புடிச்சுக் கெடக்கும், அது எங்களுதுதான். லாரிக்குப் பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவால உருண்டையா ஒண்ணு தொங்குமில்லீங்க, அதுக்குள்ள கிரௌனு, பினியன்னு பெருசும் சிறுசுமா ரெண்டு பல்லுச்சக்கரம். அதையும் கியர் பாக்ஸையும் தவிர இவரு வேற எதையும் தொட மாட்டாரு. இஞ்சின் வேலைன்னு யாராச்சும் வந்தா, "அதுக்கு வேற ஆளப் பாருங்க"ன்னு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. இருவத்தெட்டு வருசமா இதே பொழப்பு. அவரு கழட்டிப் போடறதையெல்லாம் டீசல் தொட்டியில போட்டுக் கழுவிக் குடுக்கறது நானு, செல்லியம்மாள். எம்பட நகத்தப் பாத்தாலே தெரியும், எத்தனை சோப்பு போட்டாலும் கருப்பு போகாது. அந்தக் கருப்புல எனக்கு ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லீங்க. வந்தது வேற ஒண்ணுல.

மனுசன் வாயி கெட்ட வாயி. வர்ற வண்டிக்காரன ஒரு நல்ல வார்த்தை சொல்லி உக்கார வெக்க மாட்டாரு. ஆனா பொய் சொல்ல மாட்டாரு. திருச்செங்கோட்டுக்காரரு ஒருத்தரு, போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கறவரு, கியர் பாக்ஸு வெந்து போச்சுன்னு கொண்டாந்து, டிரைவர நடு வாசல்ல நிறுத்தி வெச்சுத் திட்டிக்கிட்டு இருந்தாரு. இவரு பெட்டியத் தொறந்தாரு. உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல. "நீங்க ஆயில் வாங்கிக் குடுக்காம இவன ஏனுங்க திட்டறீங்க"ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டாரு. அந்த ரிக்குக்காரரு அப்புறம் எங்க பக்கமே திரும்பல. போனாப் போகுதுன்னு அன்னிக்குக் கறிக்கொழம்பு வெச்சேன். இப்படி ஒரு ஆளுக்கு வாக்கப்பட்டோமேன்னு பெருமையா இருந்துச்சு.

எங்க லாரிக்கார ஊர்ல ஒரு வழக்கம் உண்டுங்க. புதுசா ஒரு டிரைவர் வேலை கேட்டு வந்தா, முன்ன வெச்சிருந்த மொதலாளிக்கு ஃபோன் போடுவாங்க. அவரு சொல்றதுல பாதியத்தான் நம்புவாங்க, ஏன்னா மொதலாளிக்கு டிரைவர் மேல ஏதாச்சும் கோவம் இருக்கும். அடுத்ததா அந்த வண்டிக்கு வேலை பாத்த மெக்கானிக்குக்குப் போடுவாங்க. "கை எப்படி?" அவ்வளவுதான் கேள்வி. பெட்டியத் தொறந்து பாத்தவனுக்கு டிரைவரோட கை தெரியும். கியர இடிச்சுப் போடறவனா, கிளட்சு மேலயே கால வெச்சிக்கிட்டு ஓட்டறவனா, எல்லாம் பல்லுல எழுதியிருக்கும். மெக்கானிக்கு "நல்ல கை"ன்னா மறுநாளு சாவியக் குடுத்துடுவாங்க. "கை சரியில்ல"ன்னா அவன் ஜில்லா முழுக்க அலையணும். இவரு கையில எப்பவும் கிரீஸு. அதனால ஃபோன எடுத்து ஸ்பீக்கர் போட்டு அவரு வாய்கிட்டப் புடிக்கறது நானுதான்.

இப்ப ரெண்டு மூணு வருசமா லாரி வரத்து கம்மி. புது லாரியெல்லாம் கம்பெனி சர்வீசுக்கே போயிடுது. கம்ப்யூட்டர் வெச்சுத்தான் தொறக்கணுமாம். இவரு வாசல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பத்தான் அருணகிரி வந்தாரு.

அருணகிரிக்கு ஆட்டையாம்பட்டி. துண்டு, பெட்ஷீட்டு ஏவாரம். நாப்பது வயசு இருக்கும். அவிங்கப்பா வெச்சிருந்த பழைய டீசல் ஜீப்பு, நாலு சக்கரமும் இழுக்கறது, அதக் கொண்டாந்து நிறுத்துனாரு. எப்படி நிறுத்துனாருங்கறீங்க, மேல இருந்து கீழ வரைக்கும் சேறு. காஞ்சு ஓடு ஓடா உதுருது. நான் பைப்ப எடுத்துட்டுப் போனேன், பத்தடி தள்ளி நின்னு, "அக்கா அக்கா, கழுவிடாதீங்க"ன்னு பதறுனாரு. ஏனுங்கன்னேன். ஆஃப் ரோடு போயிட்டு வந்த அடையாளமாம், ஃபோட்டோ இன்னும் எடுக்கலையாம். கருமம். எங்க டிரைவருங்க அசாம் போயிட்டு வந்தாலும் ஊரு எல்லையில நிறுத்தி வண்டியக் கழுவி, பூவு போட்டுத்தான் ஊட்டுக்குக் கொண்டாருவாங்க. இந்தாளு ரோடு நல்லா இருக்கறப்ப வேணும்னே சேத்துக் குட்டைக்குள்ள எறக்கி, அந்தச் சேத்தை நகை மாதிரி போட்டுக்கிட்டுத் திரியறாரு.

அதுலயும் கேளுங்க, வண்டிய ஓட்டறது அவரு இல்ல. ராசுன்னு ஒரு டிரைவர். எடப்பாடிக்காரன், முப்பத்தஞ்சு வயசு, சம்சாரம் தறி ஓட்டுது. மோகனூரு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுனவன். அவன் பேர் சொன்னா அந்தப் பக்கமெல்லாம் "ராசு கையி தங்கம்"பாங்க. சேத்துல எறக்கி ஏத்தறதெல்லாம் ராசு. மேல வந்து நின்னதும் ராசு எறங்கிக்கணும், அருணகிரி கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஏறி உக்காந்து ஸ்டீரிங்கப் புடிச்சுப் படம் எடுத்துக்குவாரு. ராசு அக்கட்டால போயி நின்னுக்குவான்.

ஜீப்பு ஆக்சில் ரெண்டு தடவை ஒடிஞ்சு போச்சாம். "அண்ணா, ஒடியவே ஒடியாத மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க, கியர் பாக்ஸையும் அஞ்சு கியரா மாத்திக் குடுங்க"ன்னாரு. எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு மினுங்குச்சு. ரொம்ப நாளா வேலை இல்லாத கை. சேலம் பழைய இரும்புக் கடையில மினி லாரி ஒண்ணோட பின் ஆக்சில எடுத்தாரு. அது ஜீப்புக்கு அகலம் ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் அறுத்து, லேத்துக் கடை கந்தவேல்கிட்ட ஷாஃப்டக் கொறைச்சு மறுக்கா பல்லு வெட்டி, நூல் புடிச்சு வெல்டு வெச்சாரு. ஒரு பிக்கப்பு வண்டியோட அஞ்சு கியர் பெட்டிய வாங்கியாந்து, அதுக்கும் ஜீப்பு இஞ்சினுக்கும் நடுவுல தட்டு ஒண்ணு கடைஞ்சு ஒக்கார வெச்சாரு. பதினாலு நாளு. சொல்லக் கூடாது, வேலை அத்தனை சுத்தம். வெல்டு எங்க இருக்குதுன்னு வெரல் வெச்சுத் தடவுனாத்தான் தெரியும்.

முன் ஆக்சில மட்டும் ஆயில் சீல் மாத்தறதுக்காகக் கழட்டுனாரு. அதையும் நாந்தான் கழுவுனேன். கழுவறப்ப பல்ல எண்ணறது எனக்குப் பழக்கம். ஒரு பல்லுல சாக்பீஸ் கோடு போட்டு, சுத்தி வந்து அதே கோட்டுல நிறுத்தணும். ஒடிஞ்ச மூளிப் பல்லு இருந்தாத் தப்பாது. முன்னாடி கிரௌனு நாப்பத்து மூணு, பினியன் எட்டு. பின்னாடி போடப் போற மினி லாரியோடது நாப்பத்தொண்ணு, பினியன் ஏழு. எனக்குக் கணக்கு ஓடுச்சு. முன்சக்கரம் பத்து சுத்து சுத்துனாப் பின்சக்கரம் ஒம்பதுதான் சுத்தும்.

"ஏனுங்க, ரெண்டும் ஒத்துப் போகலீங்களே, முன்னாடி வேகமாவும் பின்னாடி மெதுவாவும் சுத்துமே"ன்னேன்.

"முன்னாடி என்னத்துக்குடி பாக்கற, இழுக்கறது பின்னாடி"ன்னாரு.

இருவத்தெட்டு வருசமா லாரி பாத்த ஆளு. லாரிக்கு முன் ஆக்சிலு சும்மா உருளற கட்டை, அதுக்குள்ள ஒண்ணுமே கெடையாது. முன்சக்கரமும் இழுக்கும்னு அவரு காது கேட்டிருக்கும், புத்திக்கு ஏறல. இந்த ஊர்க்காரன் மட்டுந்தான் பண்ணக்கூடிய தப்பு அது. ஒரு கோயமுத்தூரு ஜீப்புக்காரன் பண்ண மாட்டான். நானும் அதுக்கு மேல வாயக் குடுக்கல. வேலை பாத்து ஓட்டிப் பாத்தாரு. ரோட்டுல ரெண்டு சக்கரத்துல ஓட்டுனப்ப ஒண்ணுந் தெரியல. நாலு சக்கரம் போட்டு ஏரி மண்ணுல ஓட்டுனாரு. மண்ணு வழுக்கி விட்டுக் குடுக்குமில்லீங்க, அங்கயும் தெரியல. அருணகிரி பின்னாடிக் கதவுல "நாமக்கல் காளியப்பன் ஆக்சில்"னு பட்டையா ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுப் போனாரு. இவரு நின்னு நின்னு பாத்தாரு.

இராசிபுரத்துப் பக்கம் கைவிட்ட கல்லுக்குழி ஒண்ணுல ஜீப்பு ஓட்டற போட்டி. சேறெல்லாம் தாண்டிட்டான் ராசு. கடேசியா செங்குத்தா வழுக்குப்பாறை. பாறையில மண்ணு மாதிரி வழுக்கி விடாது. முன்சக்கரம் ஓடப் பாக்குது, பின்சக்கரம் புடிச்சு நிறுத்துது, நடுவுல மாட்டிக்கிட்டது நாலு சக்கரத்துக்கும் பிரிச்சு விடற சின்னப் பெட்டி. பாதி ஏத்தத்துல பல்லெல்லாம் செதறிப் போச்சு. வண்டிக்கு இழுவை இல்ல. ராசு பிரேக்கு மேல ஏறி நின்னிருக்கான். அப்படியும் பக்கவாட்டுல சறுக்கிக் கவுந்துடுச்சு. அவனுக்குத் தோள்பட்ட எலும்பு முறிஞ்சுது. அருணகிரி மேல நின்னு ஃபோன்ல படம் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. அந்தப் படத்த நானும் பாத்தேன். கவுந்த வண்டிக்குள்ள ஆளு கெடக்கறான், இவரு வாயில இருந்து வர்ற மொத வார்த்தை, "போச்சு, வண்டிய ஒழிச்சுட்டான்." சீ.

அதோட விட்டாரா. வண்டிய நிமித்தி, பின் ஆக்சிலக் காட்டி, "பாருங்க நண்பர்களே, காளியப்பன் அண்ணன் போட்டது அப்படியே இருக்குது, இது முழுக்க டிரைவர் மிஸ்டேக்கு"ன்னு பேசி நெட்டுல போட்டுட்டாரு. லட்சம் பேரு பாத்தாங்களாம். அடுத்த வாரமே ஈரோட்டுல இருந்து ரெண்டு ஜீப்பு, பெங்களூருல இருந்து ஒண்ணு, எங்க வாசல்ல வந்து நின்னுச்சு.

அருணகிரி வண்டிய எங்ககிட்டத்தான் தூக்கிக் கொண்டாந்து போட்டாரு. இவரு சின்னப் பெட்டியத் தொறந்தாரு. பல்லெல்லாம் உரிச்சுப் போட்ட மாதிரி கெடந்துச்சு. நாலு சக்கரத்தையும் ஜாக்கி வெச்சுத் தூக்குனாரு, முன்னாடி ஒரு கோடு போட்டாரு, பின்னாடி ஒரு கோடு போட்டாரு, கையால சுத்தி எண்ணுனாரு. மறுக்காவும் எண்ணுனாரு. அப்புறமு கீழயே குத்த வெச்சு உக்காந்துட்டாரு. பாவம்னுதான் நெனச்சேன். தண்ணி கொண்டுபோயிக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சுட்டு, என்ற மூஞ்சியப் பாக்காம, "யாருகிட்டயும் மூச்சு விட்றாத"ன்னாரு.

"ராசு?"ன்னேன்.

"அவனுக்கென்ன, தோளு நல்லானா வேலையா கெடைக்காது."

ராசுக்கு எலும்பு கூடி வர ரெண்டு மாசமாச்சு. அருணகிரி வேலைய விட்டு நிறுத்திட்டாரு. அவன் லாரிக்குத் திரும்பலாம்னு கேட்டுப் போனான். குமாரபாளையத்துல இருந்து ஒரு லாரிக்காரரு மொதல்ல கூப்புட்டாரு. "காளியண்ணா, ராசுன்னு ஒருத்தன் வந்திருக்கான், கை எப்படி?" நான் வழக்கம்போல ஃபோன நீட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். இவரு பினியன் நட்டத் திருகிக்கிட்டே, "பெட்டி நல்லாத்தானுங்க இருந்துச்சு"ன்னாரு. அம்புட்டுத்தான். டிரைவர் கெட்டவன்னு சொல்லல பாருங்க. பெட்டி நல்லா இருந்துச்சுன்னா மிச்சத்த அவிங்களே புரிஞ்சுக்குவாங்க. பச்சப் பொய்ய விட இது எனக்கு இன்னும் அசிங்கமாப் பட்டுச்சு. அடுத்து சங்ககிரியில இருந்து ஒருத்தரு. அடுத்து பரமத்தி வேலூரு. மூணு பேருக்கும் அதே பதிலு. மூணு தடவையும் ஃபோனப் புடிச்சது எம்பட கை.

ஊட்டுக்குள்ள சண்டை போட்டேன். "இருவத்தெட்டு வருசத்துப் பேருடி, ஒரு நாளுல போயிடும்"னாரு. அவன் பேரு எத்தனை வருசத்துதுங்கன்னு கேட்டேன். ஸ்பேனர எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. ஆனா பெங்களூரு ஜீப்பக் கழட்டுனப்ப, நான் கழுவறதுக்கு முன்னாலயே, முன்னாடி கிரௌனையும் பின்னாடி கிரௌனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவரே உக்காந்து எண்ணுனாரு. ரெண்டும் ஒத்துப் போற மாதிரி வாங்கிப் போட்டாரு. அடுத்தவன் வண்டிக்கு அத்தனை அக்கறை.

ஒரு நாளு ராசுவே வந்தான். எடப்பாடியில நூல் மூட்டை தூக்கறானாம், முறிஞ்ச தோள்ல. உக்காருன்னேன், உக்காரல. "அண்ணா, நீங்க பெட்டியத் தொறந்து பாத்தீங்கல்ல. நான் எந்த எடத்துல தப்புப் பண்ணுனேன்னு சொல்லுங்கண்ணா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல. தெரிஞ்சா அடுத்த தடவ திருத்திக்குவேன்"ன்னான். அப்படியே கேட்டானுங்க, திருத்திக்குவேன்னு. நான் இவர் மூஞ்சியையே பாக்கறேன். இவரு கைத்துணியில கைய ரொம்ப நேரம் தொடைச்சாரு. "பாதி ஏத்தத்துல கிளட்ச அவசரமா விட்டுட்ட ராசு"ன்னாரு. அவன் தலைய ஆட்டிக்கிட்டான். "இருக்கும்ணா, இருக்கும்"னான். வாசல் வரைக்கும் போயி நின்னு, காலத் தூக்கித் தூக்கி, கிளட்ச எப்படி விட்டோம்னு அவனே நெனச்சுப் பாத்துக்கிட்டுப் போனான். இருவத்தஞ்சு வருசம் கூடப் படுத்த மனுசன் மேல இப்படி ஒரு அருவருப்பு வரும்னு நான் நெனச்சதில்லீங்க. அதே அளவு எம்மேலயும் வந்துச்சு. கல்லு மாதிரித்தான நின்னேன் நானும்.

நாலு நாளு கழிச்சு மோகனூருல இருந்து மணிமாறன் கூப்புட்டாரு. பத்து லாரி வெச்சிருக்கறவரு, எங்க கடைக்கு இருவது வருச வாடிக்கை. "ஏனுங்க காளியப்பா, ராசுவ எடுத்துக்கலாம்னு இருக்கறேன். கை எப்படி?" ஃபோனு எங்கையில. இவரு ஆக்சிலுக்கு அடியில படுத்திருக்காரு. "பெட்டி நல்லா"ன்னு ஆரம்பிச்சாரு. நான் ஃபோன எம்பட வாய்ப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

"மணிமாறன் அண்ணா, செல்லியம்மாள் பேசறேனுங்க. ராசு கை தங்கமுங்க. பெட்டியில தப்பு எங்களுது. முன்னாடி கிரௌனு நாப்பத்து மூணு, பின்னாடி நாப்பத்தொண்ணு. ரெண்டும் ஒத்துப் போகாம நாங்க மாட்டி விட்டோம். யாரு ஓட்டியிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும்."

"காளியப்பன் பக்கத்துல இருக்காராம்மா?"ன்னாரு.

"இருக்காருங்க. கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்காரு."

"ஒண்ணும் சொல்லலியே?"

"சொல்ல மாட்டாருங்க."

"சரிம்மா. ராசுவ நாளைக்கே வரச் சொல்லிடறேன்"னுட்டு வெச்சுட்டாரு. இவரு அடியில இருந்து வெளிய வந்து, கிரீஸுக் கையாலயே ஃபோனப் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அன்னையில இருந்து அவரு ஃபோன அவரே எடுக்கறாரு. எட்டு நாளு எங்கூடப் பேச்சு வார்த்தை இல்ல. நானும் பேசல, டீசல் தொட்டி பக்கம் உக்காந்து என் வேலையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஒம்பதாம் நாளு ராசு வந்தான். காக்கிச் சட்டை போட்டிருந்தான், மூஞ்சி தெளிவா இருந்துச்சு. கையில ஒரு பை, ஆப்பிளு, ஆரஞ்சு. நேராப் போயி இவரு முன்னாடி அதை வெச்சுட்டு, கால்ல விழுந்துட்டான். "அண்ணா, காளியப்பன் கடையிலயே தப்ப ஒத்துக்கிட்டாங்கன்னு மணிமாறன் மொதலாளி சொன்னாரு. யாருண்ணா இந்தக் காலத்துல இப்படிச் சொல்லுவாங்க. எம்பட பேர நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்க."

விழறவனத் தடுப்பாருன்னு பாத்தேன். தடுக்கலீங்க. அவன் தோளத் தொட்டுத் தூக்கி விட்டு, தொண்டையச் செருமிக்கிட்டு, "மனுசன்னா மனசாட்சின்னு ஒண்ணு வேணுமில்ல ராசு"ன்னாரு.

தொட்டியில இருந்த கிரௌன அப்படியே விட்டுட்டு எந்திரிச்சேன். "யாரு மனசாட்சிங்க?"ன்னேன்.

இவரு தலை குனிஞ்சது குனிஞ்சதுதான். கீழ கெடந்த ஒரு போல்ட்ட எடுத்து, மரை சரியா இருக்குதான்னு பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ராசு அவரப் பாத்தான், என்னப் பாத்தான், டீசல் சொட்டற எம்பட கையப் பாத்தான். குனிஞ்சு, அவரு முன்னாடி வெச்ச பையத் தூக்கி, நாலெட்டு நடந்து வந்து, தொட்டிக்குப் பக்கத்துல எங்காலடியில வெச்சான். "வாரேனுங்க அக்கா"ன்னான். எங்கிட்ட மட்டுந்தான் சொல்லிக்கிட்டான். போயிட்டான்.

நான் கையக் கழுவிட்டு வந்து, அவரு பாக்கறாப்பல வாசப்படியில உக்காந்து, அந்த ஆரஞ்ச ஒண்ணொண்ணா உரிச்சுத் தின்னேன். அவருக்கு ஒரு சொளை கூடக் குடுக்கல.